திட்டு வாங்கும் கிஷோரைப் பற்றி

ஸ்டெல்லா,

உன் பெரிய அண்ணன் லாயிட்டை அழைத்துவர கண்டோன்மென்ட் ஸ்டேஷனுக்குப் போகிறேன். மீனுக்கு மசாலா தடவி ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் சோறு மட்டும் வை.

நேற்று டிவியில், எல்லோரையும் ஒரே வீட்டில் அடைத்துவைத்து நம்மை ஓட்டுப் போடச் சொல்லும் அந்தப் போட்டியில், கிஷோரை மற்ற பன்னிரண்டு பேரும் சேர்ந்து திட்டியபோது, "ஒரு தட்டுகூட கழுவாதவனுக்கு நல்லா வேணும்" என்றாய். நான் அவன் பக்கம் பேசினேன். அதிலிருந்து நீ என்னோடு பேசவில்லை.

யோசித்துப் பார்த்தேன். அவன் திட்டு வாங்க வேண்டியவன்தான். நான் மட்டும் என்ன? நம் நிச்சயதார்த்தத்தன்று முப்பத்தொரு ஆப்பம் தின்று உன் அண்ணன்கள் ஐந்து பேரையும் பட்டினி போட்டேன். உங்கள் வீட்டு நாய்கூட என்னைக் கண்டால் எழுந்து அடுத்த தெருவுக்குப் போய்விடும். நிச்சயத்தை முறிக்கலாம் என்று ஐவரும் கூடிப் பேசினார்கள். நீ ஒருத்திதான், "கட்டினா இவரைத்தான் கட்டுவேன், போங்கண்ணா" என்று லாயிட்டிடம் சொன்னாய். நாற்பத்தாறு வருடமாக நான் அதற்கு நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

மரியதாஸ்

பி.கு.: கிஷோருக்கு என் ஓட்டைப் போட்டுவிட்டேன். உன் போனிலிருந்தும் ஒன்று போட்டேன், கோபித்துக்கொள்ளாதே. அந்த வீட்டில் அவனுக்கு உன்னைப் போல் ஒருத்தி இல்லையே.