சக்கரவர்த்திக்கு அழத் தெரியாது

எட்டுத் திசையும் நடுங்க ஆஸ்பத்திரி வார்டை ஆண்டுவரும் என் அக்கா அவர்களுக்கு, பெயின்ட் டப்பாக்களின் ஏக அதிபதியும் உன் ஒரே தம்பியுமாகிய நான் எழுதிக்கொள்வது.

இங்கே நான் சுகம் என்று எழுதினால் அது பொய். அங்கே நீங்கள் சுகமா என்று கேட்க வாய் வரவில்லை. நீ மாற்றல் வாங்கிக்கொண்டு மகனோடு அந்த ஊருக்குப் போய் நாலு மாதம் ஆகிறது. போன் அடித்தால் எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். கிழித்துப் போடுவதென்றாலும் ஒரு தடவை கையில் எடுத்துத்தானே ஆக வேண்டும்!

கடையில் வேலைக்குக் குறைவில்லை. போன வாரம் பல் டாக்டரின் போர்டுக்கு ஒரு கடைவாய்ப்பல் வரைந்தேன். அதற்குள் ஒரு குடும்பம் குடியேறலாம், மாடியை வாடகைக்கும் விடலாம். "இதப் பாத்துட்டு பேஷன்ட் வாசலோடயே திரும்பி ஓடுறாங்கய்யா" என்று டாக்டர் சண்டைக்கு வந்துவிட்டார். முன்பென்றால் இதை நூறு பேரிடம் நூறு விதமாகச் சொல்லியிருப்பேன். இப்போது சொல்லத் தோன்றவில்லை.

சரி, சுற்றி வளைக்கவில்லை. அந்தப் புத்தகத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

உன் மகன், நம் சக்கரவர்த்தி, இரண்டாம் வகுப்புக்குப் போனபோது, டவுன் சிண்ட்ரோம் என்றால் ஒட்டிக்கொள்ளுமா என்று எவனுடைய அப்பாவோ கேட்டார். பசங்களுக்குப் புரிகிற மாதிரி சின்னதாக ஒரு படப் புத்தகம் செய்து தர முடியுமா என்று டீச்சர் என்னைக் கேட்டார். நீ அப்போதே சொன்னாய், "உள்ளத மட்டும் எழுதுடா, உன் சரடெல்லாம் இதுல வேணாம்" என்று. நான் என்றைக்கு உன் பேச்சைக் கேட்டேன்? பதினாறு பக்கம், வகுப்பில் தலைக்கு ஒரு பிரதி. நமக்கெல்லாம் நாற்பத்தாறு குரோமோசோம், அவனுக்கு நாற்பத்தேழு என்பதை, "சக்கரவர்த்தியின் கஜானாவில் ஒன்று கூடுதல்" என்று எழுதினேன். பேச்சு மெதுவாக வருவதை, "வார்த்தைகள் அரண்மனை வாசலில் வரிசையில் நிற்கின்றன, பொறுத்திருங்கள்" என்றேன். பசங்களும் பொறுத்தார்கள். அவன் 'தண்ணீர்' என்று சொல்லி முடிக்கும்வரை மொத்த வகுப்பும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதாம். அதோடு பிரஷ்ஷைக் கழுவி வைத்திருந்தால் நான் மனுஷன்.

ஒன்பதாம் பக்கத்தில் எழுதினேன்: "சக்கரவர்த்திக்கு அழத் தெரியாது. யானை மிதித்தாலும் சிரிப்பார்." அவன் காலை மிதிக்கிற மாதிரி ஒரு யானையையும் வரைந்தேன்.

பசங்கள் கெட்டவர்கள் இல்லை அக்கா. அச்சில் வந்ததை நம்பினார்கள். இன்டர்வெல்லில் ஒவ்வொருவராக யானையானார்கள். மிதித்துப் பார்த்தார்கள், அவன் சிரித்தான். புத்தகத்தில் இருந்தது நிஜம் என்று கை தட்டினார்கள். மறுநாள் இன்னும் பெரிய யானை.

சாக்ஸைத் தானே போடக் கற்றுக்கொண்ட பெருமையில் அவன் யாரையும் காலைத் தொட விடாத நேரம் அது. ஊரார் காயத்துக்கெல்லாம் கட்டுப் போடுகிற உன் கண்ணிலேயே அவன் காயம் பத்து நாள் படவில்லை. அதற்காக நீ உன்னையே தின்றுகொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். வேண்டாம். அது உன் தப்பு இல்லை. ஒரு சனிக்கிழமை நீ வலுக்கட்டாயமாகச் சாக்ஸைக் கழற்றியபோது நானும் அந்த அறையில்தான் இருந்தேன். இரண்டு விரல் வீங்கி, நகம் கறுத்து... ஏன்டா சொல்லவில்லை என்று நீ அலறினாய். அவன் என்னைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டு, "நான் அழல. மாமா எழுதிருக்காரு" என்றான்.

அந்த நாலு வார்த்தை வெளியே வர எவ்வளவு நேரம் ஆனது, நினைவிருக்கிறதா? என் காதில் அது இன்னும் முடியவில்லை.

இந்த மாதிரிக் குழந்தைகளுக்கும் வலி நமக்கு இருக்கிற மாதிரிதான் இருக்கும், சொல்லத்தான் தாமதமாகும் என்றார் எலும்பு டாக்டர். ஒன்பதாம் பக்கத்தில் இருந்திருக்க வேண்டியது அந்த ஒரு வரிதான். ஒரு யானையும் தேவைப்பட்டிருக்காது.

நீ போன பிறகு வீடு வீடாகப் போய் அத்தனை பிரதியையும் திரும்ப வாங்கினேன். தையல்கடைக்காரர் மகள் மட்டும் தர மாட்டேன் என்று முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டாள். பிறகு, "மாமா, அவனுக்கு வலிச்சுதா?" என்று கேட்டாள். என் வாயில் எப்போதும் தயாராக ஆயிரம் கதை இருக்குமே, ஒன்றையும் அவிழ்க்கவில்லை. வலித்தது என்றேன். "அப்ப ஏன் சிரிச்சான்?" என்றாள். நான் அப்படி எழுதியதால் என்றேன். தானும் இரண்டு தடவை யானையாக இருந்ததாகச் சொல்லிவிட்டு அந்தக் குழந்தை அழுத அழுகை! ஒன்பதாம் பக்கத்தை மாற்றி எழுதிக் கொண்டுவந்தால்தான் புத்தகத்தைத் தருவேன் என்று சொல்லிவிட்டாள்.

மாற்ற உட்கார்ந்தேன். அவன் அழுகிற மாதிரி ஒரு படம், அவ்வளவுதான். வரவில்லை அக்கா. அவன் அழுது நான் முழுசாகப் பார்த்ததே இல்லை. உதடு பிதுங்கும்போதே குட்டிக்கரணம் போட்டுச் சிரிக்க வைத்துவிடுவேன். அவனுக்காக என்றுதான் நினைத்திருந்தேன். எனக்குத் தாங்காது, அதுதான் உண்மை. அவன் பிறந்து, டாக்டர் விஷயத்தைச் சொன்ன அன்று நீ சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாய். நான் அன்றைக்கும் ஏதோ ஜோக் சொன்னேன். உன்னையும்தான் நான் அழ விடவில்லை.

என்னை மன்னித்துவிடு என்று கேட்கப் போவதில்லை. திரும்பி வா என்றும் கேட்கவில்லை. கேட்கிற தகுதி இருந்தால் கேட்டிருப்பேன். கீழே இருப்பதை மட்டும் அவனுக்குப் படித்துக் காட்டு. நிறுத்தி நிறுத்திப் படி.

கண்ணா, மாமா புத்தகத்தில் ஒன்றைத் தப்பாக எழுதிவிட்டேன். உனக்கு அழத் தெரியும். வலித்தால் வலிக்கிறது என்று சொல்லு. சொல்ல நேரமானால் முதலில் அழு, பிறகு சொல்லு. யாராவது மிதித்தால் சிரிக்காதே. மாமா மேல் கோபம் வந்தால் கோபப்படு. நீ எவ்வளவு நேரம் அழுதாலும் உன்னைச் சிரிக்க வைக்காமல் மாமா பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பேன். உன் கால் விரல்கள் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா