ஆந்தை அனுப்பிய திருத்தம்

அன்புள்ள வாயாடிக்கு,

நானும் சின்னவளும் சுகம். நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை. நேற்று மாலை நாலு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு நீ சுகமாகத்தான் இருந்திருக்கிறாய். உன் மென்பொருளுக்கான இணையப் பொதுப் பதிவில் பார்த்தேன். ஆந்தைக்கு ஆறுதல் சொல்லி இருபத்தேழு வரி எழுதியிருக்கிறாய். அதே மாலை எனக்கு வந்தது, "சாப்பிட்டீங்களா, அவளுக்கு இருமல் குறைஞ்சுதா, வேலை இருக்கு." எண்ணிப் பார்த்தேன். ஆறு வார்த்தை.

இருமல் குறைந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் நீ உட்காரும் இடத்தில் புத்தகப்பையை வைத்திருக்கிறாள். எடுடி என்றால், அம்மா வரட்டும், எடுத்துக்கிறேன் என்கிறாள். குளியலறைக் குழாய் மறுபடி சொட்டுகிறது. நானே பிரித்துப் பார்த்தேன், இப்போது இரண்டு இடத்தில் சொட்டுகிறது.

கைபேசியில் அனுப்பாமல் தாளில் எழுதுகிறேனே என்று உனக்கு ஆச்சரியமாக இருக்கும். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஆந்தை.

நம் நெடுஞ்சாலைக்காக என் கட்டுப்பாட்டு அறையில், அந்த ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து நீ எழுதத் தொடங்கிய மென்பொருள், பனிக்கு ஏற்பச் சாலையோரப் பலகைகளில் வேக வரம்பை மாற்றுவது. பூட்டி வைக்க மாட்டேன், மூலநிரலை யாரும் படிக்கலாம், எடுத்துக்கொள்ளலாம், திருத்தி அனுப்பலாம் என்று நீ சொன்னபோது முதலில் கைதட்டியவன் நான். இன்னொரு சாலைக்கு அதை நிறுவிக் கொடுக்க எட்டு மாதம் முன்பு நீ பெட்டி கட்டியபோதும் கைதட்டினேன். அந்தப் பொதுப் பதிவில் ஆந்தை என்று பேர் வைத்துக்கொண்டு ஒரு ஆள் வந்து உட்காரும் என்று யார் கண்டது?

ஒருநாள் விடாமல் படிக்கிறேன். பணிக்குப் போனதும் கேமராக்களைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் இருவரின் உரையாடலைப் பார்க்கிறேன். "உன் கண்ணுக்கு எதுவும் தப்பாது" என்று ஒருநாள் எழுதியிருந்தாய். கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் என் கண்ணைப் பற்றி நீ சொன்னதெல்லாம், கண்ணாடியை எங்கே வைச்சீங்க என்பதுதான். ஆந்தை யார், எந்த ஊர், ஆணா பெண்ணா, உனக்கே தெரியாது என்று சொன்னாய். நம்புகிறேன். ஆனாலும் என் வயிற்றெரிச்சலில் அவனுக்கு மீசை இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஆந்தை ஒரு திருத்தம் அனுப்பினான். மூடுபனி மிகவும் அடர்த்தியானால், பார்வைத்தூரம் அளக்கும் கருவி எதையும் காணாமல் பூஜ்யம் என்று சொல்லும். நம் நிரலோ, பூஜ்யம் வந்தால் கருவி பழுது என்று நினைத்து அதை ஒதுக்கிவிட்டு, பலகையில் பழைய வேகத்தையே காட்டிக்கொண்டிருக்கும். கொஞ்சம் பனி என்றால் எச்சரிக்கும், கண்ணே தெரியாத பனி என்றால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ளும். ஆறு வருஷமாக நீயும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அவன் பார்த்தான். அன்றைக்கு நீ அவனுக்கு எழுதியதில் மூன்று ஆச்சரியக்குறி.

புதிய பதிப்பைச் சோதனைக் கணினியில் இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, பணிப்பொறுப்பாளர் ஒப்புதல் பொத்தானை அழுத்த வேண்டும் என்பது நீ வைத்த விதி. பொறுப்பாளர் நான். இரண்டு நாளும் நன்றாக ஓடியது. நான் அழுத்தவில்லை. திரையின் மேலே 'திருத்தியவர்: ஆந்தை' என்று இருந்தது. இவனுக்கு நான் கதவு திறந்துவிட வேண்டுமா என்று தோன்றியது. கிடக்கட்டும் என்று விட்டேன். காரணம் எழுதும் கட்டத்தில் தினமும் 'சோதனை தொடர்கிறது' என்று எழுதினேன். பத்தொன்பது நாள் எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு ஆற்றுப்பாலத்துக்கு முந்தைய வளைவில் பனி இறங்கியது. அந்தப் பக்கத்து நாலு கேமராவும் வெள்ளைத் துணி போட்டு மூடியது போல ஆகிவிட்டன. பலகை நூறு என்று காட்டிக்கொண்டிருந்தது. நான் கையால் நாற்பதாக மாற்றுவதற்குள் நாலு நிமிடம் போய்விட்டது. நின்றிருந்த லாரியின் பின்னால் ஒரு பால் வண்டி மோதியது, அதன் பின்னால் இரண்டு கார்கள். இதெல்லாம் உனக்குத் தெரியும். உயிர் யாருக்கும் போகவில்லை. பால் வண்டி ஓட்டியவருக்கு இரண்டு இடத்தில் கால் முறிந்துவிட்டது.

அன்று மாலையே ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான் யாரென்று அவருக்குத் தெரியாது; சாலை ஆபீஸிலிருந்து வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் கோபப்படவே இல்லை. "போர்டுல நூறுன்னு போட்டிருந்துச்சுங்க, முன்னாடி வழி சரியா இருக்கும்போலன்னு நம்பிப் போனேன்," என்றார். அவர் மனைவி எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். என்னால் உட்கார முடியவில்லை.

மேலாளர் என்ன சொல்வார் என்று உனக்குத் தெரியாதா? "ஓசியில வந்த சாமான்யா இது, எவனெவனோ கை வைச்சது, தூக்கிப் போட்டுட்டு பழைய கம்பெனிக்காரனையே கூப்பிடுங்க," என்று குதித்தார். நாளை கூட்டத்தில் அதை முடிவு செய்வதாக இருந்தார். உன் ஆறு வருஷ உழைப்பு. அவர் குதித்த அந்தச் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. மேசை மேல் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தேன்.

நேற்று காலை ஆந்தை எழுதியதைப் படித்தேன். 'அவசரம் என்று குறிப்பிடாமல் அனுப்பியது என் பிழை. அந்த ஓட்டுநரின் காலுக்கு நான்தான் பொறுப்பு.' அதற்குத்தான் மாலையில் நீ இருபத்தேழு வரி ஆறுதல் சொல்லியிருந்தாய். நல்லவனாகவும் இருந்து தொலைக்கிறான், பாவி. நான் செய்ததற்கு அவன் அழுகிறான், அவனை நீ தேற்றுகிறாய். எனக்கு வர வேண்டிய திட்டுகூட வராமல், ஆறுதலாகி அவனுக்குப் போய்விட்டது. அதற்கும் பொறாமைப்பட்டேன் என்றால் நான் எந்த நிலையில் இருக்கிறேன் என்று பார்த்துக்கொள்.

இன்று காலை மேலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். திருத்தத்தின் சோதனை முடிந்த பிறகும் பத்தொன்பது நாள் ஒப்புதல் தராமல் வைத்திருந்தது நான், மென்பொருள் மேல் குற்றமில்லை என்று. படித்துவிட்டு, "ஏன்யா அழுத்தலே?" என்றார். மேசையை விட்டு எழுந்திருக்கச் சொல்லிவிட்டார். விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்க வேண்டும். எழுந்திருக்குமுன் அவர் கண் முன்னாலேயே பொத்தானை அழுத்திவிட்டு வந்தேன். கூட்டத்தில் இனி உன் மென்பொருளைத் தூக்கும் பேச்சு எழாது என்று நினைக்கிறேன்.

வெளியே வந்து பொதுப் பதிவிலும் எழுதினேன். இந்தத் தாள் உன் கைக்கு வருமுன் அதைப் படித்திருப்பாய். பத்தே நிமிடத்தில் ஆந்தை எனக்கு நன்றி சொல்லி எழுதியிருந்தான், இப்படி ஒளிக்காமல் சொல்வது எல்லாச் சாலைக்கும் உதவும் என்று. அங்கே நான் எழுதியது என்ன நடந்தது என்பதை மட்டும். ஏன் நடந்தது என்று எழுதவில்லை. அது ஊருக்கெல்லாம் திறந்து வைக்கிற சமாச்சாரம் இல்லை. அதற்காகத்தான் தாள்.

எட்டு மாதமாக நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததை எல்லாம் சரி என்று நீ எடுத்துக்கொண்டாய். உன்னைக் குறை சொல்லவில்லை, நான்தான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். அங்கேயும் பனிக்காலம் வருகிறது, உன் பலகைகள் ஒருவரையும் ஏமாற்றாமல் இருக்கட்டும். எனக்குப் பதில் போடு. இருபத்தேழு வரி கேட்கவில்லை, நாலு வரி போதும். திட்டித்தான் எழுதுவாய், எழுது. ஆனால் தாளில் எழுதி, உறையை நன்றாக ஒட்டி அனுப்பு. நீ எழுதுவதில் ஒன்றையாவது நான் மட்டும் படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டுத் தேடும்
உன் வீட்டுக்காரன்