என்ரை வண்டி நம்பர் 6174

மானிப்பாய்
04.06.2025

அன்புள்ள உதயகலாவுக்கு,

நான் சுகம். நீங்களும் உங்கடை தையல் மெசினும் சுகமாய் இருப்பீங்கள். போனிலை கதைச்சால் மச்சாள் தக்சாயினி காதை நீட்டுறா, கடிதம் போடுங்கோ எண்டீங்கள். இந்தாங்கோ, ஆறாம் வகுப்போடை பேனையை வைச்சவனின்ரை எழுத்து. சிரிச்சு முடிச்சுப்போட்டு வாசியுங்கோ.

ஒரு புதினம். என்ரை மோட்டர்சைக்கிள் நம்பர் 6174 எல்லோ. நேற்றுச் சைக்கிளுக்குக் காத்தடிக்க என்ரை கடைக்கு வந்த கணக்கு ரீச்சர் லவீனா அதைப் பாத்திட்டு, "அண்ணை, உது லேசுப்பட்ட நம்பர் இல்லை" எண்டா.

ஏதாவது நாலு இலக்கம் எடுங்கோ. நாலும் ஒண்டாய் இருக்கக்கூடாது, அவ்வளவுதான் சட்டம். பெரிசிலையிருந்து சின்னனுக்கு அடுக்குங்கோ. அதையே சின்னனிலையிருந்து பெரிசுக்கு அடுக்கிக் கழியுங்கோ. வந்ததை வைச்சுத் திரும்பவும் அதே வேலை. நான் பஸ் ரிக்கற்றிலை கிடந்த 2143 எடுத்தன். 4321-இலை 1234 போக 3087. 8730-இலை 378 போக 8352. 8532-இலை 2358 போக 6174. அதுக்குப் பிறகு எத்தினைதரம் கழிச்சாலும் 6174தான், அசையாது. ஏழு தரத்துக்குள்ளை எல்லா நம்பரும் என்ரை வண்டியிலை வந்து ஏறுதாம். கடையைப் பாதி சாத்திப்போட்டுக் கழிச்சுக்கொண்டே இருந்தன். சோறு ஆறிப்போச்சு.

இரண்டு வருசமாய்க் கலியாணம் கேக்கிறன், நீங்கள் மட்டும்தான் இன்னும் ஏறேல்லை. உங்களுக்கெண்டு வாங்கின ஹெல்மெற் ஆணியிலை தொங்குது. ஒரு பந்தயம். உங்கடை விருப்பத்துக்கு ஒரு நம்பர் அனுப்புங்கோ. 6174 வந்தால் என்னைக் கட்டுறீங்கள். வராட்டில் இனிக் கேக்கமாட்டன்.

ஆறின சோத்தோடை,
சுதாகரன்

நெல்லியடி
09.06.2025

சுதாகரன் அவர்களுக்கு,

கடிதம் கிடைச்சுது. நாப்பத்தெட்டு வயசிலை பந்தயம் கட்டிக் கலியாணம் கேக்கிற ஆளை இப்பதான் காணுறன். என்ரை நம்பர் 5554. நீங்களே கழிச்சுக்கொள்ளுங்கோ, எனக்குத் தைக்கக் கிடக்கு.

உதயகலா

மானிப்பாய்
12.06.2025

அன்புள்ள உதயகலாவுக்கு,

நாலும் ஒண்டாய் இருக்கக்கூடாது எண்டால் மூண்டை ஒண்டாய் வைச்சு அனுப்புறீங்கள். கெட்டிக்காரிதான். 5554-இலை 4555 போக 999. 999-இலை 999 போக சைபர். திரும்பத் திரும்பக் கழிச்சன். கல்குலேற்றரிலையும் பாத்தன், அதுவும் உங்கடை கட்சி.

தோத்தவன் தோத்தவன்தான். இனிக் கேக்கமாட்டன். ஹெல்மெற்றை மட்டும் கழட்டேல்லை. கழட்டினால் சுவரிலை ஓட்டை தெரியும்.

சுதாகரன்

நெல்லியடி
16.06.2025

அன்புள்ள சுதாகரனுக்கு,

999-க்கு முன்னாலை நிண்ட சைபரை எங்கை எறிஞ்சனீங்கள்? நாலு இலக்க விளையாட்டெல்லோ. அவரையும் பிடிச்சு வைச்சு 0999 எண்டு எழுதுங்கோ. 9990-இலை 0999 போக 8991. 9981-இலை 1899 போக 8082. 8820-இலை 0288 போக 8532. மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

முதலிலை 5555 எண்டு எழுதத்தான் கை போச்சு. அதை நீங்கள் எடுக்கமாட்டீங்கள் எண்டும் தெரியும். பிறகு கடைசி அஞ்சை நாலாக்கினன். வெட்டி வைச்ச சட்டைத் துணியிலை, கோடு போடுற சோக்காலை கழிச்சுப் பாத்து, 6174 வந்த பிறகுதான் தபாலிலை போட்டனான். நீங்கள் சைபரிலை சறுக்குவீங்கள் எண்டு ஆர் கண்டது?

மச்சாளுக்குச் சொல்லிப்போட்டன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு உங்களை வரட்டாம்.

ஆணியிலை தொங்கிறதையும் கொண்டு வாங்கோ.

உதயகலா