கிணற்றுப் படியைத் தின்ற நிலக்கரி

அனுப்புநர்
ஜ. நசீம் பானு, எம்.எஸ்சி., பி.எட்.,
வேதியியல் ஆசிரியை,
பள்ளிவாசல் தெரு, நாவலோடைப்பட்டி,
சின்னமனூர் வழி, உத்தமபாளையம் வட்டம்,
தேனி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
தேனி.

பொருள்: நாவலோடைப்பட்டி ஓடைக்கரையில் பொன்மலர் அட்டை ஆலை திறந்தவெளியில் குவித்துள்ள கந்தகம் மிகுந்த நிலக்கரி – அதிலிருந்து வடியும் அமிலநீரால் கிணறும் திராட்சைத் தோட்டமும் பாழானது – கிணற்றில் இறங்கிய கர்ணன் என்பவர் முதுகெலும்பு முறிந்து கிடப்பது – உண்மைக்குப் புறம்பான ஆய்வறிக்கை – ஆலையின் கழிவுக் கற்களை ஊர்ப் பாதையில் கொட்ட முயல்வது – உடனடி நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. மாசுக் கட்டுப்பாட்டு ஆய்வு அலுவலகத்துக்கு நான் அனுப்பிய மனு (எழுத்தில் பதில் இல்லை).
2. அதே அலுவலகத்தின் ஆய்வறிக்கை (உண்மை இல்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்த மனு இரக்கம் கேட்டு எழுதப்பட்டதல்ல. இரக்கத்தை ஆலை நிர்வாகம் ஏற்கெனவே ஆப்பிள் பழப் பையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து காட்டிவிட்டது. அதை நாங்கள் அங்கேயே திருப்பி அனுப்பினோம். எங்களுக்கு வேண்டியது நடவடிக்கை. அதற்கான காரணங்களை வரிசையாகத் தங்கள் முன் வைக்கிறேன்.

2. எங்கள் ஊரின் மேற்கே, ஓடைக்கு அக்கரையில், பொன்மலர் அட்டை ஆலை இயங்கிவருகிறது. தொடக்கத்தில் அதன் பாய்லருக்கு உமியும் விறகும்தான் எரித்தார்கள். புகையும் சாம்பலும் அப்போதும் இருந்தன. அதற்காக நாங்கள் யாரிடமும் மனுக் கொடுக்கவில்லை. 2006ஆம் ஆண்டு கோடையில் அவர்கள் நிலக்கரிக்கு மாறினார்கள். வடகிழக்கு மலைப் பகுதியிலிருந்து மலிவாக வந்த கரி அது. கூரை போடவில்லை, அடியில் தளம் போடவில்லை, சுற்றிக் கரை கட்டவில்லை. லாரி வந்து நின்ற இடத்திலேயே, ஓடையின் விளிம்பில், மலைபோல் கொட்டினார்கள். பாய்லரில் எரியாத கனமான கற்களைப் பொறுக்கி ஓடைச் சரிவிலேயே எறிந்தார்கள்.

3. அந்தக் கற்களை உடைத்தால் உள்ளே மஞ்சளாக மின்னும். ஆலைக்கு வேலைக்குப் போகும் பெண்கள் அதைத் தங்கக் கல் என்று சொல்லி வீட்டுக்கு எடுத்துவந்தார்கள். அது தங்கம் அல்ல. இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்னும் கனிமம். பூமிக்குள் காற்றுப் படாமல் கிடக்கும் வரை அது யாருக்கும் தீங்கு செய்யாது. வெளியே எடுத்துப் போட்டு, காற்றும் மழையும் பட விட்டால், அதிலிருக்கும் கந்தகம் கந்தக அமிலமாக மாறும். இரும்பு கரைந்து காவிச் சேறாகப் படியும். மாறும்போது சூடு பிறக்கும். அந்தச் சூட்டில் கரிக் குவியல் தானாகவே உள்ளுக்குள் கனலத் தொடங்கும். இது நான் வகுப்பில் நடத்தும் பாடம். ஆலையில் பட்டம் பெற்ற பொறியாளர்கள் இருக்கிறார்கள். அவர்களும் இதைப் படித்துத்தான் தேர்வு எழுதியிருப்பார்கள். ஆகவே தெரியாமல் நடந்துவிட்டது என்று அவர்கள் தங்களிடம் சொன்னால் அருள்கூர்ந்து நம்ப வேண்டாம்.

4. அந்த ஆண்டு ஐப்பசி மழையில் ஓடைத் தண்ணீர் காவி நிறமாக ஓடியது. புதுவெள்ளம் என்று நினைத்தோம். மழை நின்ற பிறகும் நிறம் மாறவில்லை. ஓடையில் கெண்டைக் குஞ்சுகள் வயிறு மேலாக மிதந்தன. இக்கரையில், குவியலுக்கு நேர் எதிரே, என் அண்ணன் ரியாசுதீனின் பன்னீர் திராட்சைத் தோட்டமும் கிணறும் இருக்கின்றன. ஓடைநீர் ஊறும் அந்தக் கிணற்றில் தை மாதத்துக்குள் தண்ணீர் நாக்கில் வைத்தால் புளித்தது. மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. குவியல் கனலத் தொடங்கியதும் காலை நேரத்தில் தீக்குச்சி உரசிய நெடி தோட்டம் முழுக்க நின்றது. இரண்டு பக்கமும் மலை இருக்கிற பள்ளத்தாக்கு இது. வெயில் ஏறும் வரை புகை எங்கேயும் போகாது. கொடியின் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, நடுவில் வெளுத்துக் காய்ந்தன. பந்தல் இருந்தது, பழம் இல்லை.

5. என் அண்ணன் ஆலை மேலாளரைப் பார்க்கப் போனார். கோபக்காரர் அல்ல. தோட்டத்தில் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. மேலாளர் அவரை நிற்கவைத்தே பேசியிருக்கிறார். "நீங்க மயில்துத்தம் அடிக்கிறீங்கள்ல பாய், அந்த விஷம்தான் ஒங்க கெணத்துல எறங்குது. எங்க மேல ஏன் போடுறீங்க?" என்பது அவர் சொன்ன வார்த்தை. பூஞ்சை நோய்க்கு மயில்துத்தம் எல்லாத் திராட்சைத் தோட்டத்திலும்தான் அடிக்கிறார்கள். ஓடையில் குவியலுக்கு மேலே, தண்ணீர் வரும் பக்கம் உள்ள தோட்டங்களில் எங்களைவிட அதிகமாகவே அடிக்கிறார்கள். அந்தக் கிணறுகளில் தண்ணீர் இன்றும் இனிக்கிறது. துத்தம் கலந்தால் தண்ணீர் நீலம் பாரிக்கும், காவிச் சேறு படியாது. அண்ணன் திரும்பி வந்து இதை என்னிடம் சொல்லிவிட்டு, அன்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

6. இனி எழுதப்போவதுதான் இந்த மனுவின் முதன்மையான குற்றச்சாட்டு.

எங்கள் கிணற்றின் உட்சுவரில் இறங்குவதற்கு இரும்புப் படிகள் பதித்திருந்தார்கள். அமிலம் ஏறிய தண்ணீர் இரண்டு மழைக்காலமாக அந்தப் படிகளை மூழ்கடித்து நின்றது. சென்ற சித்திரையில் தண்ணீர் இறங்கியதும் மோட்டாரில் தண்ணீர் ஏறவில்லை. குழாயின் அடிமுனையில் இருக்கும் புட்வால்வைப் பார்ப்பதற்காகக் கர்ணன் இறங்கினார். இவர் எங்கள் ஊர்க்காரர், மோட்டார் மெக்கானிக். அந்தக் கிணற்றில் அவர் இறங்காத கோடை இல்லை. அண்ணன் தயங்கியிருக்கிறார்.

"கர்ணா, படியெல்லாம் பொரிஞ்சு போயிருக்குடா. ஏணி கொண்டாரச் சொல்லவா?"

"இங்கன மேல நல்லாத்தானே இருக்கு பாய். ஒரு நொடியில பாத்துட்டு ஏறிர்றேன்."

மேற்படிகள் நன்றாகத்தான் இருந்தன. தண்ணீர் நின்ற மட்டத்துக்குக் கீழே இருந்த படி, வெளியே துருவும் உள்ளே ஒன்றுமில்லாமலும் இருந்திருக்கிறது. கால் வைத்ததும் முறிந்தது. கர்ணன் முதுகு அடிபட அடிப்பாறையில் விழுந்தார். அண்ணன் மேலிருந்து அவர் பெயரைச் சொல்லிக் கத்தினார். கீழேயிருந்து வந்த பதிலை அண்ணன் இன்றைக்கும் சொல்லி முடிப்பதில்லை, பாதியில் நிறுத்திவிடுகிறார். ஆகவே நான் எழுதுகிறேன்: "பாய், எங்காலு எங்கன இருக்குன்னே தெரியலையே."

கட்டிலில் வைத்துக் கட்டி மேலே தூக்கினார்கள். மதுரை வரை கொண்டுபோய்ப் பார்த்தோம். முதுகெலும்பு முறிந்து நரம்பு அறுந்துவிட்டது, இனி எழுந்து நடக்க வாய்ப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். முறிந்த படியின் துண்டு என்னிடம் இருக்கிறது. என் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் உதிர்கிறது. தங்கள் மேசைக்கு இந்த மனுவோடு அனுப்புகிறேன்.

7. கர்ணன் ஆஸ்பத்திரியில் இருந்தபோது மேலாளர் இரண்டு ஆட்களோடு வந்தார். முதல் பத்தியில் சொன்ன பழப் பை அப்போது வந்ததுதான். கர்ணனின் மனைவி சுப்புத்தாயிடம் ஒரு தாளை நீட்டி, கைரேகை வைத்தால் வைத்தியச் செலவு முழுவதையும் ஆலையே பார்த்துக்கொள்ளும் என்றார். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் வாங்கி வாசித்துச் சொன்னேன். குடிபோதையில் கால் தவறி விழுந்ததாக எழுதியிருந்தது. சுப்புத்தாய் அதிர்ந்து பேசாத பெண். அன்று வார்டு முழுவதும் கேட்கும்படி பேசினார்:

"அவுக குடிச்சிட்டு விழுந்தாகன்னு நான் ரேகை வைக்கணுமா? எம்புருசன் வாயில ஒரு சொட்டு பட்டதில்லய்யா. கால எடுத்துட்டீக, பேரையும் எடுக்க வந்தீகளாக்கும்? பழத்த எடுத்துட்டு வெளிய போங்க."

அவர்கள் போனார்கள். போகும்போது மேலாளர் என்னைப் பார்த்து, நீங்கள் வேலை பார்க்கும் பள்ளியின் தாளாளர் எனக்கு வேண்டியவர் என்று சொல்லிவிட்டுப் போனார். அதை மிரட்டல் என்றே நான் எடுத்துக்கொண்டேன். தாங்களும் அப்படியே எடுத்துக்கொள்ளுமாறு கேட்கிறேன்.

8. அதன் பிறகு நான் அனுப்பிய மனுவின் பேரில் ஆய்வு அதிகாரி ஒருவர் வந்தார். அவர் வரும் நாள் எங்களுக்குத் தெரியாது. ஆலைக்குத் தெரிந்திருந்தது. அன்று காலையிலேயே குவியல் மேல் புதுத் தார்ப்பாய் மூடியிருந்தது, ஓடையில் மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்புத் தூள் கொட்டியிருந்தார்கள். தண்ணீர் பால்போல் ஓடியது. அதிகாரி ஓடையில் குவியலுக்கு மேற்புறம், கரி படாத இடத்தில் ஒரு பாட்டிலும், சுண்ணாம்பு கொட்டிய இடத்தில் ஒரு பாட்டிலும் பிடித்தார். கிணற்றுக்கு வரவில்லை. நான் வாளியில் கிணற்றுத் தண்ணீரை அவர் முன்னால் கொண்டுபோய் வைத்து, நீல லிட்மஸ் தாளை முக்கிக் காட்டினேன். தாள் சிவந்தது. அவர் சிரித்தார்.

"டீச்சர், ஸ்கூல் பேப்பரெல்லாம் கவர்மெண்ட்டுக்குச் சாட்சியாகாது. கெணத்துல கொஞ்சம் சுண்ணாம்பு போட்டுக்கங்க, சரியாப் போயிரும்."

"சார், படி முறிஞ்சு ஒருத்தர் படுத்துக் கெடக்காரு. சுண்ணாம்பு போட்டா அவரு எந்திரிச்சிருவாரா?"

அவர் பாட்டில்களை எடுத்துக்கொண்டார். ஆலையின் ஜீப்பில் ஏறிப் போனார். ஓடை நீர் வரம்புக்குள் இருப்பதாக அறிக்கை வந்தது. அந்த அறிக்கையில் கிணறு என்ற சொல்லே இல்லை. கர்ணன் என்ற பெயரும் இல்லை. இந்த அதிகாரி அறியாமையால் தவறியவர் அல்லர். எங்கே பாட்டிலை முக்கக் கூடாது என்று தெரிந்தவர். ஆகையால் இந்த மனுவின் பேரில் அவரையே மறுபடி அனுப்பினால் அந்த ஆய்வை நாங்கள் ஏற்கமாட்டோம் என்பதை இப்போதே பதிவு செய்கிறேன்.

9. இத்தனைக்கும் பிறகு ஆலை நிர்வாகம் எங்கள் ஊருக்கு ஒரு நன்மை செய்ய முன்வந்திருக்கிறது. தெற்குத் தெருவிலிருந்து ஊர்ப் பொதுக் குடிநீர்க் கிணற்றுக்குப் போகும் மண்பாதையை இலவசமாக மேடாக்கித் தருகிறார்களாம். மேடாக்குவதற்கு அவர்கள் கொண்டுவந்தது ஓடைச் சரிவில் கிடந்த அதே மஞ்சள் கற்கள். ஒரு கல்லில் இரண்டு காரியம்: அவர்கள் இடம் காலியாகும், ஆய்வுக்கு யார் வந்தாலும் சரிவில் ஒன்றும் இருக்காது. அடுத்த ஐப்பசி மழை அந்தப் பாதையில் விழுந்தால், வடிவது நேராகப் பொதுக் கிணற்றுக்குள்.

சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்த நேரத்தில் முதல் லாரி பாதை முனைக்கு வந்தது. சுப்புத்தாய் தண்ணீர்க் குடத்தை நடுப் பாதையில் வைத்துவிட்டு லாரிக்கு முன்னால் நின்றார். நான் அவர் பக்கத்தில் நின்றேன். பள்ளிவாசலிலிருந்து வந்தவர்களும் தெற்குத் தெருக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். லாரியை ஓட்டிவந்த ராக்கையா, ஜேஜம்பட்டிப் பக்கத்து மனிதர், எட்டிப் பார்த்து, "என்னம்மா, நல்ல கல்லுதானே, ஏன் மறிக்கிறீக?" என்று கேட்டார். சுப்புத்தாய் நடந்ததை அவரிடம் சொன்னார். அவர் "என்னைய இதுக்கா அனுப்புனாக?" என்று சொல்லி, கல்லோடு லாரியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அன்றே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாக அறிகிறோம். போலீசை வைத்துக்கொண்டு வேறு லாரிகள் வரும் என்று மேலாளர் சொல்லியனுப்பியிருக்கிறார்.

10. ஆகவே நாங்கள் கோருவது:

நிலக்கரிக் குவியலையும் கழிவுக் கற்களையும் ஓடைக்கரையிலிருந்து ஆலையின் சொந்தச் செலவில் அகற்ற வேண்டும். அகற்றியதை எந்த ஊர்ப் பாதையிலும், எந்தக் குளத்து ஓரத்திலும் கொட்டவிடக் கூடாது. கூரையும் தளமும் கட்டி முடிக்கும் வரை பாய்லரில் நிலக்கரி எரிக்கத் தடை விதிக்க வேண்டும். எங்கள் கிணற்றின் நீரையும் பொதுக் கிணற்றின் நீரையும் ஊர் மக்கள் முன்னிலையில், வேறு அதிகாரியைக் கொண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும். கர்ணனின் விபத்தைக் கால் தவறியது என்று போலீசார் முடித்துவைத்த வழக்கைத் திறந்து, ஆலை நிர்வாகத்தின் மேல் பதிவு செய்ய வேண்டும். பொய்யறிக்கை தந்த அதிகாரி மேல் துறை விசாரணை வேண்டும்.

ஐயா, தாங்கள் இந்த மாவட்டத்துக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை என்று அறிவேன். இந்தக் கேட்டில் தங்களுக்குப் பங்கில்லை. இந்த மனுவில் தங்கள் அலுவலக முத்திரை விழுகிற நேரத்திலிருந்து அப்படிச் சொல்ல முடியாது. தாங்களும் தெரிந்தவர்களில் ஒருவராகிவிடுவீர்கள்.

லாரிகள் வருவதற்கு முன் தாங்கள் வந்தால் பாதையில் தங்களுக்கு வழி விடுவோம். லாரிகள் முந்திக்கொண்டால் விடமாட்டோம். கர்ணன் தன்னையும் கட்டிலோடு கொண்டுவந்து பாதையில் போடச் சொல்லியிருக்கிறார். வேண்டாம் என்று நாங்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். "வேற யாரு காலும் போக வேணாம் டீச்சர், என்னையத் தூக்கிட்டுப் போங்க" என்கிறார். நாளை காலை தூக்கிக்கொண்டு போகிறோம்.

இடம்: நாவலோடைப்பட்டி
நாள்: 14.07.2008

இப்படிக்கு,
தங்கள் வரவை அந்தப் பாதையில் எதிர்பார்க்கும்,

(ஒப்பம்) ஜ. நசீம் பானு
(ஒப்பம்) ஜ. ரியாசுதீன்
(இடது பெருவிரல் ரேகை) சுப்புத்தாய், க/பெ. கர்ணன்
(ஒப்பம், படுத்தபடி இட்டது) கர்ணன்

இணைப்பு: முறிந்த இரும்புப் படியின் துண்டு, துணியில் சுற்றியது. கவனமாகப் பிரிக்கவும், உதிரும்.