கத்தரி படாத சுருள்

1937 ஜூலை 10

ஐந்தருவியில் படப்பிடிப்பு. பண்ணையார் சிவனணைந்தபெருமாள் குடும்பத்தோடு குளிக்க வந்ததை எடுத்தேன். கேமரா அவருடையது, பம்பாயிலிருந்து வரவழைத்தது. அதை ஓட்டத் தெரிந்தவன் தென்காசியில் நான் ஒருவன்தான்.

ஒரே சுருள். நாலு நிமிஷம் ஓடும். இந்த பிலிமுக்கு நெகட்டிவ் கிடையாது. எடுத்த சுருளே கழுவி வந்து திரையில் ஓடும். அதனால் எதற்குப் பின் எது என்பதை முன்னமே முடிவு செய்துகொண்டுதான் பொத்தானை அமுக்கவேண்டும். கேமரா நிற்கிற இடம்தான் வெட்டு. மதராஸில் பேசாப்படக் கம்பெனியில் எடுபிடியாக இருந்தபோது கேமராமேன் சொல்வார், சினிமா பிறந்த புதிதில் எல்லாரும் இப்படித்தானாம். கேமராவை நிறுத்தி, நிற்கிற ஆளை நகரச் சொல்லிவிட்டு மறுபடி ஓட்டினால் ஆள் மாயம். பிலிமைப் பின்னால் சுற்றி அதன்மேலேயே இன்னொரு தடவை எடுத்தால் ஆவி. மேசையில் உட்கார்ந்து கத்தரித்து ஒட்டுவதெல்லாம் அப்புறம் வந்த வேலை.

“கார் வந்து நிக்கதுலதான் படம் தொடங்கணும்” என்றார் பண்ணையார். காலையில் சாரல், வெளிச்சம் போதாது. முதல் பத்தடியை லென்ஸை மூடி ஓட்டி ஒதுக்கிவைத்துவிட்டு, சாரல் விட்டதும் அருவியிலிருந்து ஆரம்பித்தேன். மூன்று மணிக்கு நல்ல வெயில். பண்ணையார் பங்களாவில் உறக்கம். அவர் மனைவி ஆவுடைத்தாயம்மாள் ஆய்க்குடி கோயிலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். டிரைவர் இசக்கிப்பாண்டியிடம் காரைக் கொஞ்சம் ஓட்டி நிறுத்தச் சொல்லி, பிலிமைப் பின்னால் சுற்றி, ஒதுக்கின இடத்தில், அம்மாள் இருந்த பக்கம் மட்டும் தெரிகிற மாதிரி அதை எடுத்தேன். திரையில் பார்த்தால் காலையில் வந்து நிற்கிற மாதிரியே இருக்கும். சந்தோஷமாக வீடு வந்தேன்.

ஜூலை 11

ஆவுடைத்தாயம்மாளின் அட்டிகையைக் காணோமாம். நேற்று சாயங்காலம் வெறுங்கழுத்தைப் பார்த்துப் பண்ணையார் கேட்டிருக்கிறார். அம்மாள் பதில் சொல்லவில்லை. குளிக்கும்போது துணியும் நகையும் வேலைக்காரி மாடத்தி கையில் இருந்தன. அவள் மத்தியானமே பாத்திரங்களோடு வண்டியேறித் தென்காசிக்குப் போய்விட்டாள். இன்று காலை போலீஸ் பிடித்துக்கொண்டு போயிற்று.

ஜூலை 12

சப் இன்ஸ்பெக்டர் பால்வண்ணநாதன் கூப்பிட்டு அனுப்பினார்.

“எப்ப வரைக்கும் நகை அம்மா கழுத்துல கெடந்துதுன்னு உம்ம படத்தைப் பாத்தாத் தெரியுமாவே?”

“தெரியும் ஐயா. எடுத்த வரிசை மாறாது. கத்தரியே படாத பிலிம்.”

அதையே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பெருமையாகத்தான் போட்டேன். மாடத்தி சுவரோரம் குந்தியிருந்தாள். “படம் வந்தா நான் வீட்டுக்குப் போயிரலாமா பாய்?” என்றாள். போயிரலாம் என்றேன். பிறகு அவளை ரிமாண்டுக்குக் கொண்டுபோனார்கள்.

ஜூலை 13

சுருளைப் பம்பாய்க்குத் தபாலில் அனுப்பினேன். கழுவி வர மூன்று வாரமாவது ஆகும்.

ஜூலை 18

சவரம் செய்துகொண்டிருந்தபோது கை நின்றுவிட்டது. அந்தப் பத்தடி!

மூன்று மணிக்கு எடுத்த கார் படத்தின் தொடக்கத்தில் அல்லவா இருக்கிறது? அந்தக் காட்சியில் அம்மாள் கழுத்தில் அட்டிகை இருந்தால், மாடத்தி போன பிறகும் நகை அங்கேதான் இருந்தது என்று அர்த்தம். ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது காலை. வரும்போது நகை இருந்தது, குளித்த பிறகு இல்லை — இதைத்தான் படம் சொல்லும். வரிசை மாறாது என்று எழுதிக் கொடுத்தவன் நான்.

நகை இருந்ததா? நினைவில்லை. நான் வெயிலைத்தான் பார்த்தேன். கழுத்தை யார் பார்த்தது? ஆனால் அம்மாளுக்குத் தெரியுமே. ஏன் பேசாமல் இருக்கிறார்?

ஜூலை 19

ஸ்டேஷன் வாசல்வரை போனேன். எழுதிக் கொடுத்தது பொய் என்று நானே எப்படிச் சொல்ல? என் போட்டோ ஸ்டூடியோ இருக்கிற கட்டடம் பண்ணையாருடையது. திரும்பிவிட்டேன்.

ஜூலை 22

கடைத்தெருவில் இசக்கிப்பாண்டி. அன்று மத்தியானம் கார் எடுத்ததைச் சாட்சி சொல்வாயா என்று கேட்டேன். வண்டியைத் துடைத்துக்கொண்டே, “எனக்கு ஞாவகம் இல்ல பாய்” என்றான். அப்புறம் மெதுவாக, “உமக்கும் இல்லாம இருந்தா நல்லது.”

ஜூலை 30

தபால் வரவில்லை. வராமலே போய்விட்டால் தேவலை என்று நினைத்தேன். என்ன மனுஷன் நான்?

ஆகஸ்ட் 5

வந்துவிட்டது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். காரில் உட்கார்ந்திருக்கிறார் அம்மாள். அட்டிகை பளிச்சென்று தெரிகிறது. அதற்கப்புறம் எங்கேயும் இல்லை. அருவியில் வெறுங்கழுத்து. சாப்பாட்டு நேரத்தில் போர்த்தின முந்தானை. யார் பார்த்தாலும் மாடத்திதான் எடுத்தாள் என்பார்கள்.

ஒரே ஒரு இடம். காரை எடுத்தபோது நிறுத்தக் கொஞ்சம் பிந்திவிட்டேன் போலிருக்கிறது. காலையில் எடுத்த அருவியின் மேலேயே கார் ஏறிப் பதிந்திருக்கிறது. எண்ணினேன், ஒன்பது கட்டம். ஒன்பதிலும் தண்ணீருக்குள் அம்மாள் முகம்.

கேமராக்காரனுக்கு இது வெட்கம். இன்று பத்துத் தடவை பார்த்தேன்.

ஆகஸ்ட் 6

ஜும்ஆ முடிந்து நேராக ஸ்டேஷன். எல்லாம் சொன்னேன். பால்வண்ணநாதன் நான் கொடுத்த காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“இது யாரு கையெழுத்துவே?”

“என்னுதுதான் ஐயா. எழுதினது தப்பு.”

“பொய் எழுதிக் குடுத்தா உமக்கும் கேஸ் உண்டு, தெரியும்லா?”

தெரியும் என்றேன். அவர் காகிதத்தை மறுபடி மடித்தார். நாளைக்குப் பண்ணையார் வீட்டில் எல்லாருக்கும் முன்னால் போட்டுக் காட்டும் என்றார்.

ஆகஸ்ட் 7

காலை பதினொரு மணி. ஹால் கதவு ஜன்னலெல்லாம் அடைத்து, சுவரில் வேட்டி கட்டி ஓட்டினேன். பண்ணையார், சப் இன்ஸ்பெக்டர், கதவோரம் அம்மாள்.

கார் வந்தது, அட்டிகை தெரிந்தது. “வரும்போது கழுத்துல கெடக்கு பாத்தீயளா?” என்றார் பண்ணையார். அருவி வந்தது. வெறுங்கழுத்து. “பெறவு என்ன பேச்சு?”

நான் சொன்னேன், கார் மூணு மணிக்கு எடுத்தது, காருக்கும் அருவிக்கும் நடுவில் பாருங்கள் என்று. மறுபடி ஓட்டினேன். அரை நொடிதான், விழுகிற தண்ணீரில் அம்மாள் முகம் வந்து போயிற்று. “நேரா ஓடின பிலிம்ல ஒண்ணு மேல ஒண்ணு விழாது ஐயா. திருப்பிச் சுத்தி எடுத்தாத்தான் விழும்.”

“கண்கட்டு வித்தை காட்டுதான்” என்றார் பண்ணையார். “ஏ மசூது, எவ்வளவு நாளா அந்தச் சிறுக்கிகூடச் சகவாசம்?”

என்ன செய்வதென்று தெரியாமல் மூன்றாம் தடவையும் ஓட்டினேன். தண்ணீரும் முகமும் வந்தன.

“நிறுத்துங்க பாய்.”

அம்மாள்தான். கதவைத் தள்ளித் திறந்தார்; வெளிச்சம் சுவரில் அடித்துப் படம் வெளுத்துப்போயிற்று.

“அவர் சொல்லுதது நெசம். கார் மத்தியானம் எடுத்தது. அட்டிகை அப்பம் எங்கிட்டதான் இருந்துது.”

“பெறவு எங்க போச்சு?”

“ஆய்க்குடில வச்சு எந் தங்கச்சிக்குக் குடுத்தேன். அவளுக்கு இது நெற மாசம்.”

அந்தத் தங்கை வேறு சாதிக்காரனோடு போய்விட்டவள். ஆறு வருஷமாக அவள் பேரை அந்த வீட்டில் யாரும் எடுக்கக்கூடாதாம். பண்ணையார் எழுந்து மனைவி பக்கம் போனார். பால்வண்ணநாதன் நடுவில் வந்து நின்று, “வாக்குமூலம் எழுதணும் அண்ணாச்சி, இரியும்” என்றார். அவர் உட்காரவில்லை. அம்மாள் தலை குனியவும் இல்லை.

சாயங்காலம் மாடத்தியை விட்டுவிட்டார்கள்.

ஆகஸ்ட் 9

ஸ்டூடியோவைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது. அம்மாளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம்.

ஆகஸ்ட் 24

பாவூர்சத்திரத்தில் சந்தைக்குப் பக்கம் ஒரு அறை கிடைத்தது. சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். மாடத்தி வாசலில் வந்து நின்றாள். ரொம்ப மெலிந்திருந்தாள். சந்தையில் மூட்டை பிரிக்கிற வேலைக்குச் சேர்ந்துவிட்டாளாம். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“அந்தக் கார் சங்கதி உங்களுக்கு எப்பம் தெரியும் பாய்?”

படம் வந்த அன்றைக்கு என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள்.

“ஜூலை பதினெட்டாந் தேதி” என்றேன்.

“ஸ்டேசன்ல சொன்னது?”

“ஆகஸ்ட் ஆறு.”

விரல் கணுக்களைத் தொட்டு எண்ணினாள். பத்தொன்பது வந்ததும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“சந்தைல மூடை வந்திருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.