விசாரிக்க வந்த அங்கிள்

சம்பளம் நின்ற பிறகும் என் மனதில் டியூட்டி பார்த்துக்கொண்டிருக்கும் சார்ஜன்ட் அப்பாவுக்கு,

நேற்று எங்கள் மல்கிரேவ் வீட்டுக்கு ரகு அங்கிள் வந்தார். தேர்தலில் நிற்கக் கட்சி உங்களுக்குக் கொடுத்த இடம் இப்போது அவருக்கு. மாரடைப்பு உங்களை எடுத்தது, கட்சி அவரை எடுத்தது. செருப்பைக் கழற்றும்போதே, “சும்மா அம்மாவை விசாரிச்சிட்டுப் போவம் எண்டு வந்தனான், பிள்ளை” என்றார். சும்மா வந்தவர் ஏன் ஒரு போட்டோக்காரரைக் காருக்குள் இருத்திவிட்டு வந்தார்?

‘விசாரிக்க’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு நேசன் மாமாதான் ஞாபகம். ஊரிலிருந்து அகதியாகப் படகில் வந்தவர், இன்னும் தற்காலிக விசா. சில நாட்களாக ஆளைக் காணவில்லை என்று பக்கத்து வீட்டார் சொல்ல, நீங்கள் யூனிபோமோடு போய்க் கதவைத் தட்டி, “தம்பி, ஒருக்கா விசாரிக்க வந்தனான்” என்றீர்கள். நீங்கள் கேட்க நினைத்தது சுகம். காய்ச்சலில் கிடந்த மனிதரின் காதில் விழுந்ததோ ஊரில் அவர் பார்த்த விசாரணை. பின்வேலி பாய்ந்து ஓடியவரைத் துரத்தாமல், தெருவில் நின்றபடி “சாப்பிட்டனீங்களோ?” என்று கத்தினீர்களாம். தப்பி ஓடுகிறவரிடம் அப்படிக் கேட்ட பொலிஸ் வேறு யாரும் இருப்பாரா?

அதன்பிறகு தமிழ் வீடுகளின் வாசலில் அந்தச் சொல்லை விட்டீர்கள். பிறகு பொலிஸையே விட்டீர்கள். “பொலிஸ் முடிஞ்சு பொலிடிக்ஸோ? ‘பொலி’யை மட்டும் விடமாட்டீங்கள், என்ன?” என்று நக்கலடித்தேன். சிரித்துக்கொண்டே நோட்டீஸ் மடிக்கத் தொடங்கினீர்கள். உண்மையாக ஏன் அரசியலுக்குப் போனீர்கள், அப்பா? உங்களுக்கும் அந்தப் பதவிக் கதிரையில் ஒரு கண் இருந்ததா?

தேத்தண்ணி பாதி குடித்ததும் ரகு அங்கிள் விஷயத்துக்கு வந்தார். “அக்கா, அண்ணை யூனிபோமோட நிக்கிற படம் ஒண்டு வேணும். என்ர நோட்டீசில போட்டால் சனம் நம்பும்.”

அம்மா உங்கள் படம் இருந்த அலுமாரிப் பக்கம் பார்த்தார். உங்கள் முகம் திரும்பவும் வீடு வீடாகப் போகும் என்ற ஆசை அவருக்கு. எனக்குப் பயம். உங்கள் நோட்டீசிலேயே நீங்கள் போட விடாத யூனிபோம் அது.

ஆகவே நானும் அங்கிளை விசாரித்தேன். “நேசன் மாமாவை விசா விஷயமா லோயரிட்டக் கூட்டிக்கொண்டு போறன் எண்டு அப்பா சொன்னவர். இப்ப நீங்கள் கூட்டிக்கொண்டு போவீங்களோ, அங்கிள்?”

“ஆர், அந்தப் படகில வந்தவரோ? அவருக்கு வோட் இல்லையே, பிள்ளை. நான் எலெக்சன் வெண்டாப்பிறகு பாப்பம்.”

அம்மா பாதித் தேத்தண்ணியோடு கோப்பையை எடுத்துவிட்டார். “படம் இல்லை, தம்பி. அந்தப் போட்டோக்காரப் பிள்ளை காருக்குள்ள வேகுது, கூட்டிக்கொண்டு போங்கோ.”

அவர் போனபின் அம்மா கொஞ்சம் அழுதார். பிறகு நேசன் மாமாவுக்கு போன் எடுத்தார்.

வெள்ளிக்கிழமை அம்மா கார் ஓட்ட, பதினெட்டு ஆகாததால் வோட் இல்லாத நானும் விசாவால் வோட் இல்லாத நேசன் மாமாவும் பின்சீட்டில் இருந்து லோயரிடம் போகிறோம். நீங்கள் எதற்காக அரசியலுக்குப் போனீர்கள் என்று வழியில் அவரிடம் கேட்பேன். நல்லதாகச் சொன்னாலும் உடனே நம்பமாட்டேன். ஆனால் அவர் கையில் நிரந்தர விசா வரும்வரை கூடவே போவேன். இது வாக்குறுதி அப்பா, வாக்குக்காகச் சொல்லும் உறுதி அல்ல.

உங்களையும் சந்தேகப்படும், உங்களையே தேடும் மகள்,
ஆரணி