தீக்குச்சி மறையும் இடம்

1968 ஜூன் 3, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. வெயில் தணியவில்லை. இந்த வருடம் எனக்குக் கொடுத்தது மூன்றாம் வகுப்பு. 52 பிள்ளைகள், சாக்பீஸ் ஒரே டப்பா.

மாலை இவர் டீ டம்ளரை மேசைக்கு வெளியே வைத்து உடைத்தார். ஒரு வாரத்தில் இது இரண்டாவது. கேட்டால் சிரிப்பு. நான் விடவில்லை. கடைசியில் சொன்னார்: “எடது கண்ணுல நடுவுல ஒரு கறுப்பு நிக்குது லூர்து. எங்க பாத்தாலும் கூடவே வருது.”

பதினோரு வருடமாகப் பீங்கான் ஆலையில் சூளை ஓட்டை வழியே தீயைப் பார்த்த கண். உள்ளே வைத்த மண்கூம்பு தலை சாய்ந்ததும் தீயை நிறுத்தச் சொல்ல வேண்டும். அதுதான் இவர் வேலை.

ஜூன் 4, செவ்வாய்

கணக்கு நோட்டிலிருந்து கட்டம் போட்ட தாள் நான்கு. சோற்றுப் பருக்கையால் ஒட்டிச் சுவரில் பதித்தேன். மூலைக்கு மூலை இரண்டு கோடு. கோடுகள் வெட்டும் இடத்தையே பார்க்கச் சொன்னேன். மூக்குக்கும் தாளுக்கும் இரண்டு சாண் நூல், தூரம் மாறாமல் இருக்க. வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டார். தீக்குச்சியை ஓரத்திலிருந்து நடுவுக்கு மெல்ல நகர்த்தினேன்.

“தெரியுது... தெரியுது... போச்சு.”

போன இடத்தில் பென்சில் புள்ளி. எல்லாப் பக்கமிருந்தும் இருபது புள்ளி. சேர்த்தால் நசுங்கிய முட்டை. விளிம்பில் நூலை ஓட்டி ஸ்கேலில் வைத்தேன். ஏழு அங்குலம். உள்ளே 61 கட்டம்.

வலது கண்ணையும் பார்ப்போம் என்றேன். “அது நல்லாத்தான் இருக்குது. உடு.”

ஜூன் 8, சனி

கடலூர் கண் டாக்டர். பஸ்ஸில் போக வர நின்றே பயணம். என் தாளை வாங்கி ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். “தீ சுட்ட எடம்மா இது. ஆறாது. நெருப்பப் பாக்கறத இன்னையோட நிறுத்தச் சொல்லுங்க.”

திரும்பும்போது இவர்: “ஆலையில யாருக்கும் மூச்சு உடாத. சூளைக்கு ஒரு கண்ணு போதும்.”

நானும் மூச்சு விடவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

இடது கண்ணுக்கு இரண்டாவது தாள். ஒன்பது அங்குலம். 97 கட்டம். மூன்று தடவை எண்ணினேன்.

நேற்று ஒரு சூளை முழுக்கப் பாழ். கூம்பு படுத்துப்போன பிறகும் இவருக்குத் தெரியவில்லை. கப்புகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டனவாம். கரி அள்ளிப் போடும் ராமலிங்கம்தான் அளவுக்கு மேல் போட்டுவிட்டான் என்று அவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். இவர் பக்கத்திலேயே நின்றாராம். வாய் திறக்கவில்லையாம். சோற்றைப் பிசைந்துகொண்டே இவரே சொன்னார். சாப்பிடவில்லை.

ஜூன் 20, வியாழன்

முதல் மழை. புழுக்கம் போகவில்லை.

ராமலிங்கத்தின் மனைவி அஞ்சலை வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. மனு எழுதித் தர வேண்டுமாம். “அவுரு கரிய எண்ணித்தான் போடுவாரு டீச்சர். உங்க வூட்டுக்காரருக்குத் தெரியாததா? அண்ணன் ஒரு வார்த்த சொன்னா போதுங்க.”

இவர் உள்ளே கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பாதி எழுதினேன், கை ஓடவில்லை. நாளைக்கு வா என்று அனுப்பினேன்.

அவள் போனதும் புதுத் தாள் ஒட்டினேன். வலது கண்ணுக்கு. இன்று மறுக்கவில்லை, உட்கார்ந்தார்.

“தெரியுதா?”

“தெரியுது.”

“இப்ப?”

“தெரியுது.”

“இப்ப?”

“தெரியுதுன்னு சொல்றன்ல.”

“குச்சி என் மடியில இருக்குதுங்க.”

பக்கத்து வீட்டு ரேடியோவில் விவசாயச் செய்தி முடிந்தது. பிறகு: “அந்த மனுவ எடு. மீதிய நான் சொல்றன், எழுது.”

சொன்னார், எழுதினேன். இவருடைய கையெழுத்து கோட்டை விட்டுக் கீழே இறங்கிவிட்டது. இடது கண்ணின் இரண்டு தாள்களையும் மனுவோடு வைத்துத் தைத்தேன்.

ஜூன் 22, சனி

நேற்று இவரே கொண்டுபோய்க் கொடுத்தார். மேனேஜர் கேட்டாராம், எத்தனை நாளாக என்று. “தெரிஞ்சு மூணு வாரம்” என்றாராம்.

இன்று பதில். ராமலிங்கத்துக்குத் திங்கள் முதல் வேலை. இவரை நிறுத்திவிட்டார்கள். வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கும் வேலையாவது கேட்டிருக்கிறார். “பாக்கலாம்” என்றாராம் மேனேஜர்.

மண்ணெண்ணெய் தீர்ந்தது. பள்ளி ரிஜிஸ்டர் கூட்டிப் போட வேண்டும்.

ஜூன் 23, ஞாயிறு

பூசைக்கு நான் மட்டும்.

மதியம் ராமலிங்கம். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசலிலேயே நின்றான். “நாளைக்கி வேலைக்கி வரச் சொல்லிட்டாங்கண்ணே.”

நேராகப் பார்த்தால் இப்போது இவருக்கு எதிரே இருப்பவர் முகம் மறைந்துவிடுகிறது. தள்ளிப் பார்த்தால்தான் ஓரக்கண்ணில் கொஞ்சம் தெரிகிறது. அவன் முகத்தைப் பார்க்கத்தான் தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

“மூஞ்சத் திருப்பிக்காதீங்கண்ணே. நான் என்னா பண்ணுவேன்?”

இவர் இன்னும் கொஞ்சம் திரும்பினார்.